ஒரே உறுப்பு, ஐந்து வழிகள்: அரம் முதல் சிஎன்சி வரை ஒரு முழுமையான பணிமனை வழிகாட்டி

பொறியியல் கல்வியில் பணிமனைப் பாடம் இன்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அரமும் வைஸும் (பிடிகருவி) லேத்தும் (கடைசல் இயந்திரம்) இருக்கும் பழைய கூடம் ஒன்று. 3டி பிரிண்டரும் லேசர் கட்டரும் சிஎன்சி (கணினி எண்களால் இயங்கும்) இயந்திரமும் இருக்கும் புதிய ஆய்வகம் இன்னொன்று. மாணவர் முதலாண்டில் ஓர் இரும்புத் துண்டை அராவிச் சதுரமாக்குகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து எதையோ ஒன்றை அச்சிட்டுப் பார்க்கிறார். முதலாவது இரண்டாவதற்கு எப்படி உதவுகிறது என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

இரண்டையும் இணைக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி, ஒரே உறுப்பை எல்லா முறைகளிலும் செய்ய வைப்பதுதான். வரைபடம் மாறாது, முறை மட்டும் மாறும். பிழை எங்கே நுழைகிறது என்பதைக் கையால் செய்தபோது கண்ட ஒருவருக்குத்தான் இயந்திரத் திரையில் ஓடும் எண்களின் பொருள் முழுமையாக விளங்கும். அதனால் வரிசையும் முக்கியம்: கைவேலை முதலில், சிஎன்சி பின்னால்.

படி 1: செய்யப்போகும் உறுப்பைத் தேர்ந்தெடுங்கள்

பயிற்சிக்காக மட்டும் செய்து குப்பையில் போடும் துண்டு வேண்டாம். இது பழைய விவாதம். 1860களின் இறுதியில் மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் தொழில்களைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் பயிற்சிகளாக அமைத்தார். 1876ல் பிலடெல்பியா கண்காட்சியில் அந்தப் பயிற்சித் துண்டுகளைப் பார்த்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் ஜான் ரங்கிள், அதே முறையைத் தம் கழகத்துக்குக் கொண்டுசென்றார். இன்று உலகெங்கும் நடக்கும் பணிமனைப் பாடங்களில் அந்த முறையின் தடம் இருக்கிறது. அதே காலத்தில் ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் வளர்த்த ஸ்லாய்டு முறை எதிர்த்திசையில் நின்றது: மாணவர் செய்வது பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்றது. படிப்படியான ஏற்றத்தில் டெல்லா-வோஸ் சரி. பொருளின் தேர்வில் சாலமன் சரி என்பது என் முடிவு.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது ஒரு பேரிங் தாங்கி. உள்ளே 608 பேரிங் உட்காரும். அதன் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. எளிதில் கிடைக்கும், விலை குறைந்த பேரிங் இது. பொருந்தாவிட்டால் உடனே தெரிந்துவிடும். அதனால் இது நல்ல ஆசிரியரும் கூட.

தாங்கியின் அளவுகள்: நீளம் 60, அகலம் 40, தடிமன் 12 மி.மீ. நட்டநடுவில் 22 மி.மீ. விட்டமும் 7 மி.மீ. ஆழமும் உள்ள குழி. மீதி 5 மி.மீ. தடிமனில் 18 மி.மீ. ஊடுதுளை. பேரிங்கின் வெளிவளையம் மட்டும் அந்த ஓரப் படியில் உட்கார வேண்டும்; சுழலும் உள்வளையம் எதையும் தொடக்கூடாது. இருபுறமும் எம்5 திருகுகளுக்காக 5.5 மி.மீ. துளைகள் இரண்டு, அவற்றின் மையங்களுக்கு இடையே 46 மி.மீ.

படி 2: வரைபடத்தில் எது முக்கியம் என்று எழுதுங்கள்

மாணவர்கள் வரைபடத்தில் எல்லா அளவுக்கும் ஒரே துல்லியத்தைக் கேட்பார்கள். கணினியில் வரையும்போது எல்லாக் கோடும் ஒரே மாதிரித் துல்லியமாகத் தெரிவதால் வரும் பழக்கம் இது. பேரிங் குழிக்கு எச்7 பொருத்தம் வேண்டும். 22 மி.மீ. விட்டத்துக்கு அதன் பொருள், துளை 22.000 முதல் 22.021 வரை இருக்கலாம் என்பது. சாதாரணத் தரப் பேரிங்கின் வெளிவிட்டம் 22.000 முதல் 21.991 வரை இருக்கும். ஆக, கைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும், ஆடாது.

திருகுத் துளைகளின் இடத்துக்கு 0.2 மி.மீ. கூடவோ குறையவோ இருந்தால் போதும். வெளி அளவுகளுக்கு 0.5 மி.மீ. கூடப் பரவாயில்லை. இப்படி எழுதிய பிறகு வரைபடத்தைப் பாருங்கள்: மொத்த உறுப்பிலும் உண்மையில் கடினமான இடம் ஒன்றே ஒன்று. ஒரு முறையைத் தேர்வுசெய்வது என்றால், அந்த ஓரிடத்தை அந்த முறை எப்படிக் கையாளும் என்று கேட்பதுதான்.

படி 3: கையால் செய்யுங்கள்

12 மி.மீ. அலுமினியப் பட்டையிலிருந்து 62 மி.மீ. நீளத்தை ஹாக்ஸாவால் அறுத்தெடுங்கள். இனி முதல் வேலை, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விளிம்புகளை உருவாக்குவது. இவையே ஆதார விளிம்புகள். இனி எல்லா அளவும் இவற்றிலிருந்தே எடுக்கப்படும்.

அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே வெட்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தத்தை விட்டுவிடுங்கள். புதியவர்கள் அராவும் விளிம்பு எப்போதும் நடுவில் மேடாகவும் இரு முனைகளில் சரிவாகவும் வரும். தள்ளும் ஓட்டத்தில் அரம் தராசுக்கோல் போல ஊசலாடுவதே காரணம். ஓட்டத்தின் தொடக்கத்தில் முன்கையில் அழுத்தம் அதிகம், நடுவில் இரு கைகளிலும் சமம், முடிவில் பின்கையில் அதிகம் என்று மாற்றிக்கொண்டே போனால் இந்த ஊசலாட்டம் அடங்கும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது; அராவி, டிரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, இடைவெளி தெரியும் இடத்தை மனத்தில் குறித்து, மறுபடி அராவ வேண்டும். அலுமினியம் அரத்தின் பற்களில் அடைத்துக்கொண்டு வேலைப்பரப்பைக் கீறும். அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அடைப்பது குறையும். கம்பித் தூரிகையால் அடிக்கடி துடையுங்கள்.

ஒரு விளிம்பு நேராகி, அடுத்தது அதற்குச் செங்குத்தாகி, இரண்டும் வெளிச்சத்தை மறைத்து நிற்கும் தருணத்தில் மாணவர் ஒன்றைக் கற்றிருப்பார்: துல்லியம் என்பது அளக்கக்கூடிய ஓர் ஆதாரத்திலிருந்து தொடங்கும் சங்கிலி. ஆதாரம் கோணினால் அதன் பிறகு செய்வதெல்லாம் கோணும். சிஎன்சி இயந்திரத்தில் பூச்சியப் புள்ளியை அமைக்கும்போது இதே விளிம்புகளைத்தான் அவர் தொடப்போகிறார்.

அடுத்து குறியிடுதல். பரப்பில் நீல மையைப் பூசி, சர்ஃபேஸ் பிளேட்டின் (மிகச் சமதளமான தட்டு) மேல் நிறுத்தி, ஹைட் கேஜால் (உயரம் குறிக்கும் கருவி) கோடு கீறுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் கூர்முனைப் பஞ்ச் கருவியால் மெல்லக் குறியிட்டு, உருப்பெருக்கியால் சரிபார்த்த பிறகே சென்டர் பஞ்ச் கருவியால் அடியுங்கள். 5.5 மி.மீ. துளைகளையும் நடுவில் ஊடுதுளையையும் டிரில் இயந்திரத்தில் போடுங்கள். நடுத்துளைக்கு 6, 12, 18 என்று படிப்படியாகப் பெரிதாக்குவது நல்லது. வேலைத்துண்டை ஒருபோதும் கையால் பிடிக்காதீர்கள். துரப்பணம் மறுபுறம் வெளியேறும் நொடியில் துண்டைப் பற்றிச் சுழற்றும். வைஸில் இறுக்கி, வைஸையும் மேசையில் போல்ட் போட்டுப் பிணையுங்கள்.

இப்போது அந்தக் கடினமான ஓரிடம். துண்டை லேத்தின் நான்கு தாடைச் சக்கில் (துண்டைப் பற்றிச் சுழற்றும் பிடிப்பு) பிடித்து, டயல் இண்டிகேட்டரை (மிகச் சிறு அசைவை முள்ளால் காட்டும் கருவி) 18 மி.மீ. துளையின் உட்சுவரில் வைத்து, முள் அசையாதவரை தாடைகளை எதிரெதிராகத் தளர்த்தியும் இறுக்கியும் மையப்படுத்துங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. அவசரப்படுத்தாதீர்கள், மாணவர்களுக்கு மையம் என்ற கருத்து இங்கேதான் கைக்கு வருகிறது.

சுழற்சி வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, 1000ஆல் பெருக்கி, பை மடங்கு விட்டத்தால் வகுக்க வேண்டும். ஹைஸ்பீடு எஃகுக் கருவியால் அலுமினியத்தை நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் வெட்டலாம் என்று கொண்டால், 22 மி.மீ. விட்டத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 870 சுற்றுகள். தாடைகள் வெளியே நீட்டியிருக்கும் பிடிப்பில் புதியவர்கள் 500க்கு மேல் போக வேண்டாம்.

குழியை முதலில் 21.5 வரை கொண்டுவந்து நிறுத்தி அளவெடுங்கள். கருவியைக் குறுக்கே நகர்த்தும் சறுக்கி 0.1 நகர்ந்தால் விட்டம் 0.2 கூடும். கைப்பிடியின் வளையத்தில் உள்ள எண் ஆரத்தைக் காட்டுகிறதா, விட்டத்தைக் காட்டுகிறதா என்பதை அந்த லேத்திலேயே சோதித்து அறியுங்கள். கடைசி வெட்டுக்கு முன் ஆழத்தை மாற்றாமல் ஒருமுறை கருவியை வெறுமனே ஓட்டினால், கருவி வளைந்ததால் விட்டுப்போன மெல்லிய அடுக்கு கழியும்.

பிறகு காத்திருங்கள். அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். வெட்டிய சூட்டில் துண்டு 20 டிகிரி கூடுதலாக இருந்தால் 22 மி.மீ. துளை 0.010 மி.மீ. பெரிதாகத் தெரியும். நமக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த இடைவெளியே 0.021, அதில் பாதி வெறும் சூட்டிலேயே போய்விடுகிறது. அளவியலில் ஆதார வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று உலகம் ஒப்புக்கொண்டிருப்பது ஏன் என்று மாணவருக்கு இனி விளக்க வேண்டியதில்லை.

சுழலும் இயந்திரத்தில் கையுறை கூடாது. தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. சக் சாவியை விட்டுக் கை எடுக்கும் முன் சாவியைச் சக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் கூடத்துக்குள் வரக்கூடாது.

படி 4: அச்சிடுங்கள்

இப்போது அதே வரைபடத்தை 3டி பிரிண்டருக்குக் கொண்டுபோங்கள். இழையை உருக்கி அடுக்கும் முறையை ஸ்காட் கிரம்ப் 1980களின் இறுதியில் உருவாக்கினார். 2005ல் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய, தன் பாகங்களைத் தானே அச்சிடும் பிரிண்டருக்கான ரெப்ராப் திட்டமும், 2009ல் அடிப்படைக் காப்புரிமை காலாவதியானதும் சேர்ந்து அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன.

பிஎல்ஏ (ஒரு வகை பிளாஸ்டிக்) இழை, 0.4 மி.மீ. நாசில் (உருகிய இழை வெளிவரும் மூக்கு), 0.2 மி.மீ. அடுக்கு, 200 டிகிரிக்கு அருகே உருக்கம், 60 டிகிரி படுக்கை. இவை தொடங்குவதற்கான எண்கள். இழையின் உறையில் உள்ள எண்களையும் பாருங்கள். தாங்கியைப் படுத்த நிலையில், பேரிங் குழி மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். அப்போது 18 மி.மீ. துளை கீழே, 22 மி.மீ. குழி மேலே. எங்கும் காற்றில் தொங்கும் பரப்பு இல்லை, வட்டமும் வட்டமாகவே வரும். நிற்கவைத்து அச்சிட்டால் வட்டத்தின் உச்சி தொய்ந்துவிடும். அதைவிடப் பெரிய தீமை, பேரிங்கில் சுழலும் தண்டின் சுமை அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் விழக்கூடும். அச்சிட்ட பொருளின் மிக பலவீனமான இடம் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையேயுள்ள ஒட்டு. மரவேலை அறிந்தவர் இழையோட்டம் பார்த்து மரத்தை வைப்பதும் இதே அறிவுதான்.

துளை சொன்ன அளவுக்கு வராது, பெரும்பாலும் சிறுத்தே வரும். அதற்குள் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. உருகிய இழை வளைவில் உள்நோக்கி இழுபடுகிறது என்பது ஒன்று. மற்றொன்று கணினிக்குள் நடக்கிறது: அச்சுக்குப் போகும் கோப்பில் வட்டம் வட்டமாக இருப்பதில்லை, பல பக்கங்கள் கொண்ட பலகோணமாக இருக்கிறது. 22 மி.மீ. வட்டத்தை 24 பக்கங்களாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஆரம் கிட்டத்தட்ட 0.09 மி.மீ. குறையும். 96 பக்கங்கள் என்றால் 0.006தான். கோப்பைச் சேமிக்கும்போது நுண்மையைக் கூட்டினால் இந்தப் பிழை மறைந்துவிடும். இயந்திரத்தைக் குறைசொல்லும் முன் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மீதிப் பிழைக்கு ஒரு சோதனைத் தகடு அச்சிடுங்கள்: 22.0, 22.1, 22.2, 22.3 என நான்கு துளைகள், 5 மி.மீ. உயரம். பேரிங் எதில் விரலழுத்தத்தில் உட்காருகிறதோ அந்த எண்ணை வரைபடத்தில் இடுங்கள். அந்த எண் அந்த இயந்திரத்துக்கும் அந்த இழைக்கும் மட்டுமே உரியது. அடுத்த மேசையில் இருக்கும் பிரிண்டரில் அது செல்லாது.

அச்சிட்ட தாங்கி அழகாக இருக்கும், ஒரு பிற்பகலுக்குள் கையில் வந்துவிடும். ஆனால் பிஎல்ஏ 60 டிகிரிக்கு அருகே மென்மையாகிவிடும். தொடர்ந்து சுமை இருந்தால் அறை வெப்பத்திலேயே மெல்ல உருமாறும். இறுக்கிய திருகு சில வாரங்களில் தளர்ந்திருப்பதை மாணவர் தம் கையாலேயே உணரட்டும்.

படி 5: லேசரில் வெட்டுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். லேசர் கட்டர் கற்பிப்பதில் பெரும்பகுதி ஒரே பாடம். அது தகட்டை மட்டும் வெட்டும், ஆழம் அறியாது. 3 மி.மீ. அக்ரிலிக்கில் நான்கு அடுக்குகள் சேர்த்தால் 12 மி.மீ. கிடைக்கும். ஆனால் 7 மி.மீ. ஆழக் குழி மூன்றின் மடங்கில் வராது. இரண்டு அடுக்கில் குழி வைத்தால் பேரிங் 1 மி.மீ. வெளியே நீட்டும், அதன்மேல் ஒரு மூடித்தகடு வைத்துப் பிடிக்க வேண்டிவரும். வரைபடமே மாறுகிறது. செய்முறை வடிவமைப்பைத் திருத்தி எழுதும் இந்த இடத்தை மாணவரே கண்டுபிடிக்க விடுங்கள்.

கதிர் எரித்து நீக்கும் அகலம் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். 100 மி.மீ. பட்டையைப் பத்துத் துண்டுகளாக வெட்டி, நெருக்கி அடுக்கி அளந்து, குறைந்த நீளத்தை வெட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சரியான எண் கிடைக்கும். துளையை அந்த அளவு சிறிதாக வரையுங்கள்.

பிவிசியை ஒருபோதும் லேசரில் வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியாகி நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்தே அரிக்கும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத துண்டும் வேண்டாம். இயந்திரம் ஓடும்போது அருகில் ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது. அக்ரிலிக் எளிதில் தீப்பிடிக்கும்.

படி 6: சிஎன்சியில் கடையுங்கள்

எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952ல் செய்து காட்டப்பட்டது. அன்று துளையிட்ட நாடா, இன்று ஜி-கோட் எனும் கட்டளை வரிகள். அடிப்படை மாறவில்லை: இயந்திரம் சொன்னதைச் செய்யும், சொன்னது சரியா என்று கேட்காது.

கையால் அராவிய அதே விதத்தில் ஆதார விளிம்புகள் தயாரான அலுமினியத் துண்டை வைஸில் பிடியுங்கள். விளிம்பு காணும் கருவியால் இரண்டு விளிம்புகளையும் தொட்டுப் பூச்சியம் அமையுங்கள். படி 3ஐக் கடந்து வந்த மாணவர் இங்கே தயங்குவதில்லை. கடக்காதவர் திரையில் உள்ள படத்தின் மூலைக்கும் மேசையில் உள்ள உலோகத்தின் மூலைக்கும் உள்ள உறவைப் பிடிக்கவே திணறுவார்.

6 மி.மீ. இரட்டைப் பல் கார்பைடு கருவி, நிமிடத்துக்கு 10,000 சுற்று, ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. சீவல் என்றால் ஊட்ட வேகம் (கருவி துண்டினூடே முன்னேறும் வேகம்) பற்களின் எண்ணிக்கை, சுற்று, சீவல் மூன்றின் பெருக்கல்: நிமிடத்துக்கு 600 மி.மீ. பயந்து ஊட்டத்தை மட்டும் பாதிக்கும் கீழே குறைப்பது தவறு. பல் வெட்டாமல் உரசத் தொடங்கும், சூடேறும், அலுமினியம் கருவியில் ஒட்டிக்கொள்ளும். அரத்தில் அடைத்துக்கொண்ட அலுமினியத்தைப் பார்த்தவருக்கு இது புதிதல்ல.

முதலில் திரையில் பாவனை ஓட்டம். பிறகு கருவியைத் துண்டுக்கு மேலே 25 மி.மீ. உயர்த்தி வெறுங்காற்றில் ஒரு முழு ஓட்டம். பிறகு ஒவ்வொரு வரியாக, கை நிறுத்தப் பொத்தானின் மேல் இருக்க, மெதுவான உண்மை ஓட்டம். இந்த மூன்றில் ஒன்றைத் தவிர்க்க மாணவருக்கு அனுமதி இல்லை.

குழிக்கு 0.1 மி.மீ. மீதம் வைத்து நிறுத்தி, ஆறவிட்டு, அளந்து, கருவியின் விட்டத் திருத்தத்தை மாற்றிக் கடைசி வெட்டைக் கொடுங்கள். லேத்தில் செய்த அதே செயல் இது. கைப்பிடிக்குப் பதில் ஓர் எண். குழியின் சுவரில் நான்கு திசைகளில் மெல்லிய தடம் தெரிந்தால், இயந்திரத்தின் நகர்வு அச்சுகள் திசை மாறும்போது திருகில் உள்ள தளர்ச்சி அங்கே பதிந்திருக்கிறது.

படி 7: வார்த்தெடுங்கள்

பழையதும் புதியதும் உண்மையாகவே கைகோக்கும் இடம் இது. மணல் வார்ப்புக்கு வேண்டிய மாதிரியைப் பிரிண்டரில் அச்சிடுங்கள். ஆனால் வரைபடத்தை அப்படியே அச்சிட்டால் பயனில்லை. அலுமினியம் உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு சுருங்கும், 60 மி.மீ. வேண்டுமானால் மாதிரி 60.8 மி.மீ. இருக்க வேண்டும். கடையவேண்டிய பரப்புகளுக்கு 2 மி.மீ. கூடுதல், மணலிலிருந்து உருவி எடுக்கப் பக்கச் சுவர்களில் 2 டிகிரி சரிவு, உள்மூலைகளில் வளைவு. பேரிங் குழியும் துளைகளும் மாதிரியில் வேண்டாம். அவற்றைப் பின்னால் இயந்திரத்தில் வெட்டலாம். அச்சின் அடுக்கு வரிகள் மணலைப் பற்றிக்கொள்ளும் என்பதால் மாதிரியைத் தேய்த்து, நிரப்பி, வண்ணம் பூசி வழவழப்பாக்குங்கள்.

சிலிக்கா மணல், பெண்டோனைட் களிமண், சிறிது நீர். கைப்பிடி மணலை இறுக்கி உடைத்தால் விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. உலோகம் இறங்கும் வழியும், சுருக்கத்தை ஈடுசெய்யும் ஊட்டுக்குழியும், வாயு வெளியேறும் துவாரங்களும் அமையுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். 700க்கும் 750க்கும் இடையில் ஊற்றுங்கள். அதற்கு மேல் சூடேற்றினால் ஹைட்ரஜனை உறிஞ்சி, உறையும்போது உள்ளே நுண்துளைகளாக விட்டுவைக்கும்.

உருகிய உலோகத்தில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும். கரண்டி முதல் கிளறும் கோல் வரை எல்லாக் கருவியும் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்தப்பட வேண்டும். தரையில் உலர்ந்த மணல் பரப்புங்கள், வெற்று கான்கிரீட் மேல் ஊற்ற வேண்டாம். முகக்கவசம், தோல் ஏப்ரன், மூடிய தோல் காலணி. பயிற்சி பெற்ற ஒருவர் நேரடியாக நிற்காமல் இந்தப் படியைத் தொடங்கவே கூடாது.

படி 8: அளந்து, சுமையேற்றி, எழுதுங்கள்

ஐந்து தாங்கிகளும் மேசையில் இருக்கின்றன. ஒருவர் செய்ததை இன்னொருவர் அளக்கட்டும். தன் கையால் செய்ததை அளக்கும்போது வெர்னியரை நமக்குச் சாதகமாக அழுத்தும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. 0.02 மி.மீ. வரை மட்டும் காட்டும் வெர்னியரால் எச்7 குழியைத் தீர்ப்பளிக்க முடியாது என்பதையும் இங்கே அவர்கள் உணர்வார்கள். உள்விட்ட மைக்ரோமீட்டரோ, துளையின் விட்டம் அளக்கும் போர் கேஜோ தேவை. பிறகு ஒவ்வொன்றிலும் பேரிங்கையும் தண்டையும் பொருத்தி, ஒரே எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு இறங்குகிறது என்று டயல் இண்டிகேட்டரால் குறியுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டு மீண்டும் குறியுங்கள்.

பதிவேட்டில் நான்கு பத்திகள் போதும்: எதிர்பார்த்த அளவு, கிடைத்த அளவு, வேறுபாடு, காரணம். முதல் மூன்றுக்கு மதிப்பெண் வேண்டாம். நான்காவதற்கு மட்டும் கொடுங்கள். "இயந்திரப் பிழை" என்று எழுதியிருந்தால் பூச்சியம். "நான்கு தாடைச் சக்கில் மையம் 0.05 விலகியிருந்தது, திருகுத் துளைகளோடு ஒப்பிட்டபோது தெரிந்தது" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

தேர்வுக்கு ஒரு கேள்வி போதும். முற்றிலும் வேறான ஓர் உறுப்பின் வரைபடத்தைக் கொடுத்து, ஒன்று மட்டும் வேண்டுமானால் எந்த முறை, நூறு வேண்டுமானால் எது, பத்தாயிரம் வேண்டுமானால் எது என்று கேளுங்கள். ஒவ்வொரு விடையோடும் அந்த முறைக்காக வரைபடத்தில் எந்தக் கோட்டை மாற்றுவீர்கள் என்பதையும் சிவப்புப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். தாளைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்புக் கோடுகளைத்தான்.